சுரத்தின் வால்

வூப்பர்டால், மூன்றாம் மாடி, பெப்ரவரி.
கடைசித் தொங்குரயில் ஆற்றின் மேல்
ஒருமுறை கனைத்துவிட்டுப் போனது.
திரையில் மாரைக்கே வாசித்த பியானோ
பச்சை மலைத்தொடராய்க் கிடக்கிறது.
பெயர்: மெதுநடை, ஏழாம் பதிவு, இதுவே கடைசி, உண்மையான கடைசி.

முந்நூறு வருடத்துக்கு முந்திய நடனம்.
ஆடியவர்கள் இல்லை. ஆடிய தரையும் இல்லை.
பாதம் எங்கே விழ வேண்டும் என்பது மட்டும்
ஐந்து கோட்டில் மிஞ்சியிருக்கிறது.

அந்தக் காலத்துப் பெட்டி
கம்பியை அடிக்காது, கிள்ளும்.
கிள்ளுவது காக்கை இறகின் தண்டு.
கிள்ளிய கணமே ஒலி சாகத் தொடங்கும்.
சாகவிடாமல் பக்கத்துச் சுரத்தைத்
தொட்டுத் தொட்டு உலுக்கினார்கள்,
மயங்கியவன் கன்னத்தில் தட்டுவது போல.
அதற்கு நாங்கள் வைத்த பெயர் அலங்காரம்.

எனக்கு அந்தப் பாடு இல்லை.
ஒரு பொத்தான் இருக்கிறது.
அழுத்தினால் சுரம் அப்படியே உறைந்து நிற்கும்,
மின்சாரம் உள்ளவரை.

ஆகவே அவளுடைய நடுக்கங்களை வெட்டினேன்.
நாற்பத்தொரு இடம்.
நகம் வெட்டுவது போலச் சுலபம், சத்தமும் அதே.
பிறகு அடியில் ஒரு தாழ்ந்த அதிர்வு,
கட்டில்கால் மட்டும் உணரும் அளவுக்கு.
அவள் மிதியைத் தூக்கும் சத்தம் எனக்கு முரசு.
நாலாம் அடிக்கு முன் அவள் இழுத்த மூச்சைத்
திருப்பி ஓடவிட்டேன்,
கடல் பின்வாங்குவது போல வந்தது.
நல்லதாய்த்தான் வந்தது, பொய் சொல்லக் கூடாது.

கடைசிச் சுரத்தில் பொத்தானை அழுத்திவிட்டுத்
தேத்தண்ணீர் போடப் போனேன்.
கேத்தல் கொதித்தது. அது நின்றது.
சீனி தேடினேன், இல்லை.
திரும்பி வந்தபோதும் அது நின்றது,
வயதே ஆகாமல்.

இரண்டு மணிக்குக் கதவு.
மேல்வீட்டு லுட்கர், கோடுபோட்ட இரவுச்சட்டை,
முதல் தொங்குரயிலை ஓட்டுகிறவர்.
"தாளம் பிரச்சினையில்லை," என்றார்,
"வண்டியிலும் தாளம்தான், அதில் நான் தூங்குவேன்.
அந்த ஒன்று இருக்கிறதே, அது,
முடியும் முடியும் என்று காத்துக்கொண்டே
படுத்திருக்கிறேன்.
முடிகிறதா, இல்லையா?"

பதில் சொல்லத் தெரியவில்லை.
மன்னிப்புக் கேட்டேன். ஜெர்மனில் அதற்கு
மூன்று விதம் உண்டு, மூன்றையும் கேட்டேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
அளபெடைக்கு நான் வாங்கியது பூச்சியம்.
ஓசை குறைந்தால் நெடிலை நீட்டலாம்,
ஆனால் அதன் பக்கத்தில்
குறில் ஒன்றை எழுதிவைக்க வேண்டும்.
நீட்டியதற்கு ஒரு சின்னச் சாட்சி.
அந்தக் குறிலைத்தான் எப்போதும் மறப்பேன்.
நாற்பத்தொரு குறில்,
குப்பைக் கூடையில் இன்னும் அழியாமல் இருந்தன.

ஒவ்வொன்றாய் எடுத்து ஒட்டினேன்.
பொத்தானை விட்டேன்.
கடைசிச் சுரம் உலுங்கியது, மெலிந்தது,
குளிரூட்டியின் முனகலுக்குக் கீழே இறங்கி
எங்கே போனதென்று தெரியாமல் போனது.
மேலே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

ஒலிவாங்கியை மூட மறந்திருக்கிறேன்.
அவர் படியேறிப் போன சத்தம் முழுக்கப் பதிவில்:
பதினாறு படி, இடது காலில் வலி,
ஒன்பதாம் படி மட்டும் தாமதம்.
முரசை எடுத்துவிட்டு அதைப் போட்டேன்.

காலையில் மாரைக்கே எழுதினாள்:
"நடுக்கம் எல்லாம் இருக்கிறது, சந்தோஷம்.
யார் நடப்பது?
ஒன்பதாவது பிந்துகிறது. நேராக்கிவிடு."

கோப்பைத் திறந்தேன்.
ஒன்பதாவதைக் கண்டுபிடித்தேன்.
ஜன்னலுக்கு வெளியே முதல் வண்டி
வளைவில் சரிந்து திரும்பியது, ஓரிரு நொடி பிந்தி.
தொடாமல் மூடினேன்.